எஸ்தர் பெயரில் ஒரு ஈஸ்ட்

இன்னும் மூக்கு நீட்டவில்லை. நீட்டும். சாப்பிட்டுவிட்டு வந்து வைத்தது, அதற்குள் நுண்ணோக்கி லென்ஸில் குனிந்து குனிந்து பார்த்தால் அது என்ன செய்யும். ஈஸ்ட் செல்லுக்கு நான் பார்ப்பது தெரியாது. பக்கத்தில் துணை இருப்பதையும் அது பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை, கண் எங்கே இருக்கிறது அதற்கு. துணை தன்னைச் சுற்றிலும் ஒரு சின்னப் புரதத் துணுக்கைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். அது வந்து இதன் மேல்தோலில் இருக்கிற ஏற்பியில் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் இது பெருகுவதை நிறுத்திவிடும். நிறுத்திவிட்டு, துணுக்கு எந்தப் பக்கத்திலிருந்து கூடுதலாக வருகிறதோ அந்தப் பக்கமாக உடம்பை இழுத்து நீட்டும். உருண்டையாக இருந்தது பேரிக்காய் போல ஆகும். அதைத்தான் இந்த ஆய்வகத்தில் மூக்கு என்கிறோம். இரண்டு மூக்கும் தொட்டால் நடுச்சுவர் கரைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். ஈஸ்ட்டில் ஆண் பெண் கிடையாது, ஏ வகை, ஆல்ஃபா வகை என்று இரண்டு உண்டு, அவ்வளவுதான் அவற்றின் கல்யாணம். கழுத்து வலிக்கிறது. நாற்காலியை யாரோ தாழ்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள். எழுந்து உயர்த்தலாம், ஆனால் எழுந்தால் ஜன்னல் பக்கம் போவேன், ஜன்னல் பக்கம் போனால் கீழே துறைக் கூட்டம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பேன், முடிந்திருந்தால் இந்த ஆய்வகத்துக்குத் தலைவரான ஜெபமணி சார் படியேறி வருவதைப் பார்ப்பேன். உட்கார்ந்தே இருப்பது நல்லது. அறை முழுக்கப் புளித்த ஆப்பமாவு வாடை. இந்த வாடை எனக்கு எப்போதோ உறைக்காமல் போய்விட்டது, இன்றைக்கு ஏனோ தொண்டை வரை வருகிறது. சார் வந்ததும் கேட்பார், "இசக்கி, தட்டு பாத்துட்டியா?" பார்த்துவிட்டேன் சார். காலையிலேயே பார்த்துவிட்டேன். காலையிலிருந்து அதை எப்படிச் சொல்வது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

தட்டில் இடம் காலியாக இருந்திருந்தால் சொல்வது சுலபம். கலந்து பிறந்த ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால் அது ஒரு பைக்குள் நாலு வித்து வைக்கும். பையை உடைத்து, கண்ணாடி ஊசி முனையால் நாலையும் தனித்தனியாக நகர்த்தி ஒரு வரிசையில் வைக்க வேண்டும். கை நடுங்காமல் மூச்சை அடக்கி வைக்க வேண்டும், எனக்கு அதில் நல்ல கை. உயிருள்ள வித்து வளர்ந்து வெள்ளைப் புள்ளியாகும், செத்த வித்து இருந்த இடம் தெரியாது. முன்னே செய்தபோதெல்லாம் தட்டு துடைத்து வைத்த மாதிரி இருந்தது, எங்கோ ஒரு மூலையில் ஒரு புள்ளி, அதுவும் சவலை. பாலக்காட்டுப் பக்கத்துத் தென்னங்கள்ளில் எடுத்த ஈஸ்ட்டும் உடன்குடிப் பனம்பாளையில் எடுத்த ஈஸ்ட்டும் தாமாகக் கூடுவதே இல்லை. லட்சக்கணக்கில் கலந்து வைத்தால் தப்பித்தவறி ஒன்றிரண்டு கூடும். கூடியதன் வித்துகள் எல்லாம் செத்துப்போகும். கூடுவதும் இல்லை, கூடினாலும் பிள்ளை தங்குவதில்லை, அப்படியானால் இரண்டும் வேறுவேறு இனம், பனம்பாளை ஈஸ்ட் புது இனம் என்றுதான் சார் கட்டுரை எழுதினார். கட்டுரையை அனுப்பி, ஆய்விதழ்க்காரர்களும் ஏற்றுக்கொண்டு, அச்சுக்குப் போகிற நிலையில் இருக்கிறது. இன்று காலையில் தட்டைத் திறந்தால் வரிசை வரிசையாக நாலு நாலு புள்ளி. கோலப்புள்ளி வைத்தது போல. ஒரு வரிசையில் மூன்று, இன்னொன்றில் இரண்டு, மற்றபடி எல்லாம் நிறைந்து கொழுகொழுவென்று இருந்தன. நான் தட்டை மூடிவிட்டு, மூடி மேல் எழுதியிருந்ததைப் படித்தேன், தட்டு மாறிவிட்டதோ என்று. மாறவில்லை. என் கையெழுத்து. அப்போது முதலில் வந்தது சந்தோஷம்தான், பொய் சொல்லக் கூடாது. அதன் பின்னாலேயே எஸ்தர் மேடம் வந்தார்.

எஸ்தர் மேடம் சாரின் மனைவி. போன வருஷம் மழைக்காலத்தில் இறந்துபோனார். பனம்பாளை ஈஸ்ட்டுக்கு சார் அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார். நினைவுநாள் ஜெபக்கூட்டத்தில் சார் எழுந்து நின்று, மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு, அவள் பெயரில் ஒரு உயிர் இருக்கும், உலகம் உள்ளளவும் அப்படித்தான் அதைக் கூப்பிட வேண்டும் என்றார். பாஸ்டர் அதையே திரும்பச் சொல்லி ஜெபம் பண்ணினார். பெண்கள் முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். இனப்பெயரை லத்தீனில் எழுத வேண்டும். எஸ்தருடையது என்பதற்கு லத்தீனில் எஸ்தரே என்று வரும். சார் அதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டிய அன்று நான் தமிழில்தான் வாசித்தேன். எஸ்தரே. அடுப்படியில் இருக்கிறவரை முன்னறையிலிருந்து கூப்பிடுகிற மாதிரி இருந்தது. சாரும் அப்படித்தான் வாசித்திருப்பார் போல, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். இப்போது நான் போய், சார், இரண்டும் ஒரே இனம்தான், என்று சொல்ல வேண்டும். ஒரே இனம் என்றால் முதலில் எவன் பெயர் வைத்தானோ அந்தப் பெயர்தான் நிற்கும், அது விதி. தென்னங்கள் ஈஸ்ட்டுக்கு எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரன் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். எஸ்தர் மேடத்தின் பெயரை எடுத்துவிட்டு அவன் வைத்ததை எழுத வேண்டும்.

பார்க்கலாமா. ஓரமாக இருக்கிறது ஒன்று கொஞ்சம் கோணினாற்போல் தெரிகிறது. இல்லை, வெளிச்சம். இன்னும் கொஞ்ச நேரம் போகட்டும். இந்தச் சோதனை எதற்கு என்றால், புள்ளி வளர்ந்தது மட்டும் போதாது, வளர்ந்தவை உண்மையிலேயே இரண்டுக்கும் பிறந்தவைதானா என்று உறுதி செய்ய வேண்டும். அழுக்கு விழுந்திருக்கலாம். தாய் ஈஸ்ட்டே ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். அதனால் பிள்ளைகளில் ஏ வகையை மட்டும் பொறுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் தென்னங்கள் ஆல்ஃபா ஒன்றை நகர்த்தி வைத்திருக்கிறேன். உண்மையான கலப்புப் பிள்ளைகள் என்றால் ஏறக்குறையப் பாதி மூக்கு நீட்டும், பாதி சும்மா இருக்கும். எல்லாம் நீட்டினாலும் தப்பு, ஒன்றும் நீட்டாவிட்டாலும் தப்பு. ஒன்றும் நீட்டாமல் போகட்டும் என்று எனக்குள் யாரோ வேண்டிக்கொள்கிறார்கள். நீட்டாவிட்டால் அழுக்கு என்று எழுதித் தட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, கட்டுரை வெளிவந்து, எஸ்தரே எஸ்தரே என்று உலகம் கூப்பிட்டு, எனக்கு வரும் கோடையில் முடிகிற இந்த வேலை முடிந்து, அம்மா இருக்கிற அம்பாசமுத்திரத்துக்கே நான் போய், யாராவது பள்ளிக்கூடத்தில் கேட்டால் பாடம் எடுத்துக்கொண்டு. சீ. எனக்கு இது நீட்ட வேண்டும். நீட்டினால்தான் எனக்குச் சொல்லிக்கொள்ள ஒரு கட்டுரை, என் பெயர் முதலில் இருக்கிற கட்டுரை. ஒரே ஆளுக்குள் இரண்டு வேண்டுதல். செல் இரண்டையும் கேட்காது, அது பாட்டுக்கு இருக்கும், அதுதான் இந்த வேலையில் எனக்குப் பிடித்ததே.

எஸ்தர் மேடத்துக்கு என்னைப் பிடித்திருந்ததா என்று தெரியாது. பிடிக்கவில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பெண்கள் கல்லூரியில் தாவரவியல் எடுத்தவர், ஓய்வு பெற்ற பிறகு எங்களோடு மாதிரி சேகரிக்க வருவார். வருவார் என்ன, அவர்தான் கூட்டிப்போவார். பனையேறுகிறவர்களோடு பேசி, எந்தப் பனையில் பாளை எப்போது சீவுகிறார்கள் என்று கேட்டு, சுண்ணாம்பு தடவாத கலயமாகப் பார்த்து, சீவின பாளையின் வெட்டுவாயைப் பஞ்சுக்குச்சியால் தடவி எடுக்கச் சொல்லிக் கொடுத்தது எல்லாம் அவர். சுண்ணாம்பு போட்டால் பதநீர், ஈஸ்ட் வளராது. போடாவிட்டால் கள், போலீஸ் பிடிக்கும். ஒருமுறை திருச்செந்தூர் ரோட்டில் காரை நிறுத்தின ஒரு கான்ஸ்டபிள் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்துவிட்டு, "என்னம்மா, கள்ளு வாடை அடிக்கி?" என்றார். பின்சீட்டில் கண்ணாடிக் குழாய்த் தட்டை மடியில் வைத்துக்கொண்டு மேடம், "குடிக்கதுக்கு இல்லய்யா, வளக்கதுக்கு" என்றார். கான்ஸ்டபிள் தலையை வெளியே எடுத்துக்கொண்டார். சார் முன்சீட்டில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். நான் சிரித்தேன், மேடம் என்னைப் பார்த்து, "பல்ல மூடு" என்றார். அதனால்தான் பிடிக்கவில்லை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அவரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் அதைச் சொல்லியிருப்பார். இப்போது யோசித்து என்ன. தோள்பட்டையில் வலி இறங்குகிறது. ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது, கீழே வைத்த வாளியில் டொக், கொஞ்சம் பொறுத்து டொக். யாராவது வாளியைக் கொட்டியிருக்கலாம். நானே கொட்டியிருக்கலாம்.

கதவை மாற்றிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். ஏற்பி என்று பாடப்புத்தகம் சொல்கிறதை அவர் கதவு என்பார். எங்கள் முதல் தட்டு, துடைத்து வைத்த மாதிரி இருந்த தட்டு, அதை சார் பெருமையாகக் காட்டியபோது மேடம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். "ஆமா, இது தப்பித்தவறிக் கூடினதோட பிள்ளைக. கூடினதே கோளாறு பிடிச்ச செல்லா இருந்தா? நல்லது ஏன் கூடப்போவுது, அதுக்குத் துணை கூப்பிடுத சத்தமே கேக்கலியே" என்றார். சார், "அதெல்லாம் பாத்தாச்சு" என்றார். "என்ன பாத்தீங்க. பனைக்குத் தென்னையோட கதவ மாட்டிப் பாருங்க. நல்லபடியாக் கூடவைங்க. கூடியும் பிள்ளை செத்தா வேற இனம்னு ஒத்துக்கிடுதேன்" என்றார். கூடுகிற மரபணுக்கள் மற்றவை போல இல்லை, சீக்கிரம் சீக்கிரமாக மாறும். துணுக்கில் ஒரு எழுத்து மாறினால் அதற்கேற்ப ஏற்பியும் மாறவேண்டும். மாறினவை மாறினவற்றோடு மட்டும் கூடும். பனையில் ஒரு மாதிரி, தென்னையில் ஒரு மாதிரி. நடுவே மலை, ஒன்றுக்கொன்று சந்திப்பதே இல்லை, சந்தித்தாலும் ஒன்று விடுகிற துணுக்கு மற்றதன் ஏற்பியில் உட்காராது. அதன் பிறகு நாளாவட்டத்தில் மற்ற வித்தியாசங்கள் சேரும், கடைசியில் கூடினாலும் பிள்ளை தங்காது, அப்போது அது வேறு இனம். எது முதலில் என்பதுதான் கேள்வி. உள்ளே எல்லாம் மாறிப்போய்க் கடைசியில் கதவு அடைத்ததா, கதவு அடைத்துவிட்டு உள்ளே இன்னும் ஒன்றும் மாறாமல் இருக்கிறதா. மேடம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் பார்க்கப் போனேன், ஆரஞ்சு வாங்கிக்கொண்டு. சார் வராந்தாவில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். "மாட்டியாச்சா?" என்றார் மேடம். எனக்கு முதலில் புரியவில்லை, மூக்கில் குழாய், வாய் உலர்ந்துபோய் எழுத்தெல்லாம் குழறுகிறது. "கதவு" என்றார். "இன்னும் இல்ல மேடம். ஜீன் வந்திருக்கு, உள்ள போக மாட்டேங்குது" என்றேன். "போவும். அவசரப்படாத" என்றார். அவ்வளவுதான் பேசினோம். அவர் போன பிறகுதான் அது உள்ளே போனது; மாட்டிய கதவோடு பனையைத் தென்னையோடு கூடவைத்து, கூடியதும் மாட்டியதைக் கழற்றிவிட்டு எடுத்த வித்துகள்தான் இன்று காலை முளைத்திருந்தவை.

நினைப்பு ஏன் இங்கே போகிறது. வேறு எதையாவது நினைக்க வேண்டும். போன மாதம் இளங்கலைப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கும்போது ஒரு பையன் எழுந்து, "மேடம், நம்ம சாதியும் இப்படித்தான் பிரிஞ்சிச்சா?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள், எங்கே போனாலும். இல்லை என்றேன். மனுஷருக்கு எல்லாருக்கும் ஒரே கதவு, அடைத்துக்கொண்டு நிற்பது ஆட்கள் என்றேன். சொல்லிவிட்டு என் சித்தப்பா மகள் பேச்சியை நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு ஆகாத இடத்தில் கட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கிறாள், இரண்டு பிள்ளைகள், சின்னது நடக்கிறது, வீடியோவில் அனுப்பினாள். சித்தப்பா அந்தப் போனைத் தொடமாட்டார், ஆனால் சித்தி பார்க்கும்போது பக்கத்தில் வந்து வேட்டியைச் சரிசெய்வது போல நிற்பார். ஈஸ்ட்டுக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. இதோடு அதை ஒப்பிடவே கூடாது, நான் ஒப்பிடுவதில்லை. சரி, பார். இப்போது பார்.

நீட்டியிருக்கிறது. முதல் ஜோடி, ஏ செல் ஒருபக்கமாகக் கூர்ந்து, ஆல்ஃபா இருக்கிற திசைக்கு. இரண்டாவது சும்மா இருக்கிறது, மொட்டு விட்டுத் தனியாகப் பெருகுகிறது, பக்கத்தில் துணை இருப்பதே அதற்குத் தெரியவில்லை. மூன்றாவதும் சும்மா. நாலாவது நீட்டி, தொட்டே விட்டது. ஐந்தாவது நீட்டுகிறது. தட்டை நகர்த்துகிறேன். திருகைத் திருப்புகிற விரல் சில்லிட்டிருக்கிறது. நீட்டுகிறது, இல்லை, இல்லை, நீட்டுகிறது. பாதிக்குப் பாதி. தென்னைக் கதவு போன பிள்ளைகள் நீட்டுகின்றன, பனைக் கதவு போனவை சும்மா இருக்கின்றன. அழுக்கு இல்லை. இரண்டுக்கும் பிறந்த பிள்ளைகள்தான், எல்லாம் உயிரோடு, எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஒரே ஒரு கதவுதான் மாறியிருக்கிறது, உள்ளே வீடு அப்படியே இருக்கிறது. நான் கண்ணை எடுக்காமல் இருந்தேன். எடுத்தால் இது எனக்கு மட்டும் தெரிந்த விஷயமாக இருப்பது முடிந்துபோகும் என்று தோன்றியது. படியில் செருப்புச் சத்தம். சார் படியின் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்குவார், பிறகு இருமுவார். இருமினார்.

"இசக்கி, தட்டு பாத்துட்டியா?"

"பாத்துட்டேன் சார்."

சொல்லும் முறை என்று காலையிலிருந்து நான் யோசித்து வைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. எழுந்து நாற்காலியை விட்டு விலகி நின்றேன். சார் என் முகத்தைப் பார்த்தார், பிறகு மேஜைமேல் இருந்த தட்டைப் பார்த்தார். கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். நாலு நாலு புள்ளி. அவர் உதடு அசைந்தது, வரிசையை எண்ணுகிறாரோ என்னவோ. ரொம்ப நேரம் பிடித்திருந்தார், தட்டு சாய ஆரம்பித்தது. தட்டு விழுந்துவிடும் என்று நான் கிட்டே போனேன்.

"அழுக்கா இருக்கும்" என்றார்.

"இல்ல சார். பாதி நீட்டுது, பாதி நீட்டல. லென்ஸுல பாருங்க."

"யாரு உன்ன இத இப்ப செய்யச் சொன்னா? கட்டுரை அச்சுக்குப் போவுது, இந்த நேரத்துல யாரு கேட்டா இத?" குரல் ஏறிவிட்டது. சார் என்னிடம் இதுவரை இப்படிப் பேசினதில்லை. காது சுட்டது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு, "மேடம் சொன்னது சார். கதவ மாட்டிப் பாருன்னு. ஆஸ்பத்திரிலயும் கேட்டாங்க" என்றேன். அவரை மடக்குவதற்காகச் சொல்லவில்லை, வேறு பதில் இல்லாததால் சொன்னேன். சார் தட்டைக் கீழே வைத்தார். உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுவிட்டு லென்ஸில் குனிந்தார். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. சட்டைக் காலர் ஒருபக்கம் உள்ளே மடிந்திருந்தது, மேடம் இருந்தால் போகிற போக்கில் இழுத்துவிடுவார். வாளியில் டொக். திருகு திரும்பியது, நின்றது, திரும்பியது. ஒவ்வொரு ஜோடியாகப் பார்க்கிறார் என்று தெரிந்தது. எதையும் கண்ணால் பார்த்துவிட்டால் சார் அதன் பிறகு திட்டமாட்டார். எனக்கு அதுவும் பயமாக இருந்தது, திட்டினால்கூடப் பரவாயில்லை.

"நல்லாத்தான் நீட்டியிருக்கு" என்றார், தலையை நிமிர்த்தாமல். குரல் வகுப்பில் பேசுகிற குரலாக ஆகியிருந்தது. "அப்ப நம்ம பழைய தட்டுல செத்ததெல்லாம், கோளாறான செல்லு கூடினதால செத்தது. எஸ்தர் சொன்னபடி. இனம் வேற இல்ல. வேறயா ஆவதுக்கு முதப்படியில நிக்கி, அவ்வளவுதான். அது இன்னும் பெரிய விஷயம், தெரியுமா உனக்கு? பிரிஞ்சு முடிஞ்சத எல்லாரும் பாத்துருக்காங்க. பிரிய ஆரம்பிக்கத எவன் பாத்தான்." சொல்லிக்கொண்டே போனவர் நிறுத்திவிட்டார். "பேர எடுத்துரணும்" என்றார்.

நான்தான் அழுதேன். எனக்கே ஆத்திரமாக வந்தது, அவர் உட்கார்ந்து நிதானமாகப் பேசும்போது நான் எதற்கு அழ வேண்டும். "நீ எதுக்கும்மா அழுத" என்றார். துப்பட்டாவில் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அப்போது வாய்க்கு வந்துவிட்டது, யோசித்துச் சொன்னதில்லை. "சார், ஈஸ்ட்டுக்கு வேண்டாம். கட்டுரையில மேடம் பேரப் போடலாமே. ஆசிரியர் பேருல. பாளை எல்லாம் அவங்க எடுத்தது. இந்தச் சோதனையே அவங்க சொன்னதுதான." சார் திரும்பிப் பார்த்தார். எங்கள் முந்தைய கட்டுரைகள் எதிலும் மேடம் பெயர் கிடையாது. கடைசியில் நன்றி சொல்கிற இடத்தில்கூட, மாதிரி சேகரிக்க உதவிய குடும்பத்தினருக்கு என்று ஒரே ஒரு முறைதான் வந்திருந்தது.

"அவளுக்கு அதெல்லாம் பிடிக்காது" என்றார்.

"கேட்டீங்களா சார்?"

இதை நானா கேட்டேன். வெளியே ஏதோ பிள்ளைகள் சிரித்துக்கொண்டு போனார்கள். சார் மேஜை விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார், அதில் பழைய ஊசிக் கீறல் ஒன்று இருக்கிறது, அதன் மேலேயே திரும்பத் திரும்ப.

"கேக்கல" என்றார்.

பிறகு அவராகவே, அச்சுக்குப் போகிறதை நாளைக்கே நிறுத்தச் சொல்லி எழுதிவிடுகிறேன், இதையே கட்டுரையாக எழுது என்றார். "முதல்ல உன் பேரு. ரெண்டாவது அவ. நான் கடைசி." மேடத்தை முதலில் போடுங்கள் சார் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் சார் சரி என்றிருப்பார், அவர் இருந்த நிலையில் எதைச் சொன்னாலும் சரி என்றிருப்பார். நான் சொல்லவில்லை. எனக்கு வேலை வேண்டும். சரி சார் என்று மட்டும் சொன்னேன். மேடம் கேட்டிருந்தால் பல்லை மூடு என்றிருப்பாரா, கெட்டிக்காரி என்றிருப்பாரா தெரியவில்லை.

"எப்படி சார் போடட்டும்? ஜெபமணி எஸ்தர்னா?"

"வேண்டாம். அது என் பேரு. கல்யாணத்துக்கு முந்தி அவ அப்பா பேரத்தான் முன்னெழுத்தாப் போட்டுக்கிட்டிருந்தா. எம்எஸ்சி ஆய்வுக்கட்டுரையில அப்படித்தான். அதப் போடு. அவ அப்பா பேரு ஞானமுத்து." நான் கணினியில் தட்டெழுதப் போனேன், விரல் நின்றது. இங்கிலீஷில் எழுத வேண்டும். ஞானமுத்துவை ஜி போட்டும் எழுதுகிறார்கள், ஜே போட்டும் எழுதுகிறார்கள், என் போட்டும் எழுதுகிறார்கள், ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு. "சார், மேடம் என்ன எழுத்து போடுவாங்க? ஜியா, ஜேயா?"

சார் வாயைத் திறந்தார். மூடினார். ஜன்னலைப் பார்த்தார். ஞாபகப்படுத்திக்கொள்கிறார் என்று நினைத்தேன், காத்திருந்தேன். அவர் முகத்தைக் காலையிலிருந்து நான் என்னென்னவோ விதமாகக் கற்பனை செய்து பயந்திருந்தேன், கோபமாக, உடைந்துபோய், கல்லாக. இந்த முகத்தை நினைக்கவில்லை. வகுப்பில் எழுப்பி நிறுத்தப்பட்ட பிள்ளையின் முகம்.

"எனக்குத் தெரியல இசக்கி" என்றார்.

போனை எடுத்தார். கண்ணாடியைப் போடாமல் எண்களைத் தேடினார், தூரத்தில் பிடித்து, பக்கத்தில் பிடித்து, பிறகு என்னிடமே நீட்டி, "ரூபின்னு இருக்கும், எடு" என்றார். ரூபி எஸ்தர் மேடத்தின் தங்கை, நாசரேத்தில் இருக்கிறார் என்று சொன்னார். எடுத்துக் கொடுத்தேன். ஸ்பீக்கரில் கைபட்டுவிட்டது போல, மணி அடிப்பது அறை முழுக்கக் கேட்டது. நான் வெளியே போய்விடலாமா என்று நினைத்தேன், போகவில்லை, லென்ஸில் குனிந்துகொண்டேன். நாலாவது ஜோடியில் நடுச்சுவர் தெரியவில்லை, இரண்டும் ஒன்றாகிவிட்டது. "சொல்லுங்க அத்தான்" என்றது ஒரு பெண் குரல், பின்னால் குக்கர் விசில்.

"ரூபி, உங்கப்பா பேர எஸ்தர் இங்கிலீஷ்ல எப்படி எழுதுவா? முத எழுத்து என்ன?"

"ஜிதான். ஜி எஸ்தர். எதுக்கு அத்தான்?"

"ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையில அவ பேரு போடணும். அவ செஞ்ச வேலை."

விசில் அடங்கியது. அந்தப் பக்கம் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"இப்பமா?" என்றார்.